இருபத்திரண்டு டிகிரி

செப்டம்பர் 15, திங்கள்

நாட்குறிப்பு எழுதுகிற ஆள் நான் இல்லை. பிசியோதெரபிஸ்ட் ஜெசிந்தா இந்தக் கெட்டி அட்டை நோட்டைக் கையில் திணித்து, "தினமும் முட்டி எத்தனை டிகிரி மடங்குச்சு, எவ்வளவு வலிச்சுதுன்னு எழுதி வைங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐம்பத்தெட்டு வயதில் வீட்டுப்பாடம்.

சரி, எழுதுகிறேன். ஆகஸ்டில் சத்தி ரோட்டில் ஸ்கூட்டரோடு விழுந்தேன். வலது முட்டிச் சில்லு உடைந்தது. அறுவை சிகிச்சை செய்து, நான்கு வாரம் காலை நீட்டியபடியே கட்டி வைத்தார்கள். கட்டை அவிழ்த்தால் முட்டி துருப்பிடித்த கீல் மாதிரி ஆகிவிட்டது. இன்று மடங்கியது 35 டிகிரி.

அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை டாக்டர் பார்ப்பார். அன்றைக்கு 90 மடங்க வேண்டும். மடங்காவிட்டால் மறுபடி மயக்கம் கொடுத்து, கையால் பிடித்து மடக்கிவிடுவாராம். "கொஞ்சம் சத்தம் கேக்கும், உங்களுக்குத் தெரியாது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

போன தடவை எனக்கு மயக்கம் தெளிய ஐந்து மணி நேரம் ஆனது. சாதாரணமாக ஒரு மணி நேரம்தானாம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோகிலா இன்னும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் மனைவி பேசாமல் இருந்தால் அது பெரிய விஷயம்.

எனக்குப் பயமெல்லாம் இல்லை. தேதியைக் குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

37 டிகிரி.

வேடிக்கை என்னவென்றால், முட்டி மடக்கும் இயந்திரம் செய்வதுதான் என் தொழில். கணபதி ஏரியாவில் சின்னப் பட்டறை. நானும் கோகிலாவின் தங்கை சுலோச்சனாவும் கூட்டு, வேலைக்கு ஆறு பேர். இயந்திரத்தின் தொட்டிலில் காலை வைத்துக் கட்டிவிட்டால் மோட்டார் மெதுவாக மடக்கி, மெதுவாக நீட்டும். செய்தவனுக்கே இப்போது அது தேவைப்படுகிறது.

வீட்டில் இருப்பது பழைய மாடல். அதில் மோட்டாரை ஓட்டுவது நான் எழுதிய புரோகிராம். மோட்டார் ஒவ்வொரு அடி நகரவும் ஒரு மின் துடிப்பு அனுப்ப வேண்டும். அத்தனை துடிப்பையும் என் புரோகிராமே அனுப்பும். திரையில் எண் காட்டுவதும் பொத்தானைக் கவனிப்பதும் அதே புரோகிராம்தான். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் எழுதிவருகிறேன்.

சுலோச்சனா செய்திருக்கும் புது மாடலில் மோட்டாரை ஓட்டவென்றே ஒரு தனிச் சிப். இவ்வளவு தூரம் போ, இந்த வேகத்தில் போ, மெதுவாகக் கிளம்பு, மெதுவாக நில் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதுமாம், மீதியை அது பார்த்துக்கொள்ளுமாம். அந்த மாடலில் ஐந்து இயந்திரங்கள் தீபாவளி கழிந்ததும் ஒரு மருத்துவமனைக்குப் போகின்றன. "மாமா, புது மெஷினைக் கொண்டாந்து வெக்கட்டுங்களா?" என்று கேட்டாள். என் காலுக்கு என் புரோகிராம் போதும் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

38. வலி அதிகம்.

திரையில் எண் மாறும்போதெல்லாம் மோட்டார் ஒரு விக்கல் விக்குகிறது. கண்ணுக்குத் தெரியாது. கண் இமைக்கும் நேரம் புரோகிராம் எண்ணைப் பார்க்கப் போய்விடுவதால் ஒரு துடிப்பு தாமதமாகிறது, பிறகு மோட்டார் லேசாக உதறிப் பிடிக்கிறது. பட்டறையில் காலுக்குப் பதிலாக மணல் மூட்டை வைத்துத்தான் சோதித்தோம். மணல் மூட்டை வலிக்கிறது என்று சொல்லவில்லை.

இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் காய் நறுக்கிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோகிலா சொன்னாள்: "எண்ணு மாறுறப்பெல்லாம் உங்க மொகமும் மாறுதுங்க."

செப்டம்பர் 19, வெள்ளி

கோகிலா எனக்குத் தெரியாமல் தங்கைக்குப் போன் போட்டுவிட்டாள். காலை ஒன்பது மணிக்கே சுலோச்சனா புது இயந்திரத்தோடு வாசலில் நிற்கிறாள். நான் முறைத்தேன். இந்த வீட்டில் என் முறைப்புக்கு இரண்டு பேரும் எப்போதோ பழகிவிட்டார்கள்.

சுவிட்ச் போட்டதும் இயந்திரம் முனகிக்கொண்டே பின்னால் போய், கால் முழுதாக நீளும் இடத்தில் நின்று, 0 என்று காட்டியது. பழைய மாடலும் இதையேதான் செய்யும். அந்த இடத்தில் ஒரு சின்னக் கறுப்பு சென்சார் இருக்கிறது. அதன் இடுக்கில் ஒரு தகடு நுழைந்து வெளிச்சத்தை மறைத்தால், இதுதான் பூஜ்யம் என்று இயந்திரம் தெரிந்துகொள்ளும். அங்கிருந்துதான் டிகிரியை எண்ணும்.

பிறகு காலை மடக்கியது. எப்போது கிளம்பியது என்று தெரியவில்லை. எப்போது நின்றது, எப்போது திரும்பியது என்றும் தெரியவில்லை. வலி இருந்தது, ஆனால் முட்டியின் வலி மட்டும்தான் இருந்தது. உதறல் இல்லை. அரை மணி நேரத்தில் 43 வந்துவிட்டது.

"எப்படி இருக்குதுங் மாமா?"

"சத்தம் கம்மி" என்றேன்.

அவள் அதற்கே பூரித்துப்போனாள். போகும்போது, "உங்க பழைய புரோகிராம்ல பாதுகாப்புக்கு என்னென்ன செக் வெச்சிருக்கீங்கன்னு ஒரு லிஸ்ட்டுக் கேட்டேன்ல மாமா. இன்னும் நேரம் கெடைக்கலீங்களா?" என்று கேட்டாள்.

"என் காலைப் பாரு அம்மிணி. நேரத்துக்கு எங்க போறது?"

கால் உடைந்தது ஆகஸ்டில். அவள் கேட்டது மார்ச்சில். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்

51.

கோகிலா காபி ஆற்றிக்கொண்டே, "தங்கச்சி மெஷினு நல்லாத்தான் மடக்குது" என்றாள். மோட்டார் நல்ல மோட்டார் என்றேன். மோட்டார் இரண்டு மாடலிலும் ஒன்றுதான்.

செப்டம்பர் 26, வெள்ளி

60. ஜெசிந்தா பிளாஸ்டிக் கோணமானியை முட்டியில் வைத்துப் பார்த்தார். அதிலும் சரியாக 60. தங்கைக்குக் கல்யாணம், நாளைக்கு நாகர்கோவில் போகிறாராம். திரும்பி வருவது அக்டோபர் 9. "தினமும் ரெண்டு மூணு டிகிரி ஏத்திட்டே போங்க சார். இந்த வேகத்துல போனா பத்தாந்தேதி டாக்டரே ஆச்சரியப்படுவாரு" என்றார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

70. இன்னும் பத்து நாளில் இருபது டிகிரி. கணக்கு சரியாக வருகிறது. மதியம் இரண்டு கரண்டி சாதம் கூடுதலாகப் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

காலையில் பாதிப் பயிற்சிதான் நடந்தது. இயந்திரம் மடக்கி நீட்டிக்கொண்டிருக்கும்போதே, "நேரமாச்சு, மெஷினைத் தொடைக்கோணும்" என்று கோகிலா பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். 22 டிகிரியில் அப்படியே நின்றது. காலை உருவிக்கொண்டேன்.

கூடத்தில் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின், என் மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், கடைசியில் இந்த இயந்திரம். கோகிலா சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்து இயந்திரத்தின் மூடி மேல் பொட்டு வைக்கப் போனாள்.

"அது வெறும் பிளாஸ்டிக்கு. அதுக்கு எதுக்குப் பூஜை? வேலை செய்யறது மோட்டாரு. அதுக்கு வை" என்றேன்.

"அப்ப நீங்களே வெச்சுக்குங்க" என்று கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். குனிய முடியவில்லை, கையை உள்ளே நீட்டித் தடவித்தான் வைக்க வேண்டியிருந்தது. சந்தனம் கொஞ்சம் தண்ணீராக இருந்தது. மோட்டாருக்கு நன்றாக அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். பக்கத்திலேயே சர்க்யூட் போர்டில் அந்தச் சிப் இருந்தது. அதற்கு வைக்கவில்லை. மூடியைத் திருப்பி மாட்டிவிட்டேன்.

பொரி, சுண்டல், வாழைப்பழம். முட்டிக்கு இன்று விடுமுறை.

அக்டோபர் 2, வியாழன்

காலையில் காலைக் கட்டி, எழுபது என்று போட்டு ஓடவிட்டேன். நாற்பதைத் தாண்டும்போதே வலி ஆரம்பித்தது. 48-ல் என் வாயிலிருந்து வந்த சத்தத்துக்குக் கோகிலா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். நிறுத்தும் பொத்தானை அடித்துவிட்டேன். மெதுவாக 0-வுக்குத் திரும்ப வரவிட்டுக் காலை எடுத்தேன்.

ஒரே நாளில் எழுபது நாற்பத்தெட்டாகிவிட்டது.

உடனே சுலோச்சனாவுக்குப் போன் போட்டேன். "உன்ர சிப்பு என் காலை ஒடைக்கப் பாக்குது. தனியா எண்ணட்டும்னு விட்டா இப்படித்தான் ஆகும்" என்று கத்தினேன். எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவதாக இருந்தால் இதையும் எழுத வேண்டும்: வலியிலும் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

சுலோச்சனா இரும்பு ஸ்கேலோடு வந்தாள். காலில்லாமல் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தாள். சுவிட்ச் போட்டதும் முனகாமல் 0 என்று காட்டியது. நேற்று முடித்தபோது 0-வில்தானே நின்றது, நகர வேண்டிய அவசியம் இல்லை. முப்பது டிகிரி போ என்றாள், போனது. தொட்டில் நகரும் தண்டவாளத்தில் ஸ்கேலை வைத்து எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று அளந்தாள். திரும்ப வரச் சொன்னாள், மறுபடி அனுப்பினாள். பத்துத் தடவை. பத்துத் தடவையும் மயிரிழை மாறவில்லை.

"சிப்பு மேல தப்பு இல்லீங் மாமா. எவ்வளவு போகச் சொன்னமோ அவ்வளவுதான் போகுது." மெதுவாகத்தான் சொன்னாள். அவள் முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அப்படியென்றால் தப்பு என் முட்டியில். உள்ளே ஏதோ ஒட்டிக்கொண்டுவிட்டது.

"இன்னிக்கு எத்தனை வருதுங் மாமா?" என்று கேட்டாள்.

"எழுபத்தஞ்சு. நேத்து நான்தான் பயந்து கத்திட்டேன்" என்றேன்.

இன்று திரையில் வந்தது 51.

அக்டோபர் 4, சனி

53. கோகிலாவிடம் 77 என்று சொன்னேன். திரையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

58. வீட்டுக்குச் சொன்னது 80.

பூஜ்யத்தில் நிற்கும்போதுகூட முட்டி படுக்கையில் தட்டையாகப் படியவில்லை, மேடாகவே நிற்கிறது. வீக்கமாக இருக்கும். ஐஸ் வைத்தேன்.

இரண்டு பெண்களுக்கும் பொய் சொல்லிக்கொண்டு ஒரு மனிதன் எத்தனை நாள் ஐஸ் வைப்பான் என்று தெரியவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

61.

குளித்துவிட்டுக் கால்சட்டையை நானே போட்டுக்கொண்டேன். போன வாரம்வரை கோகிலா குனிந்து மாட்டிவிடுவாள். இன்று எப்படி முடிந்தது என்று தெரியவில்லை. இடுப்பை நன்றாக வளைக்கப் பழகிவிட்டேன் போலிருக்கிறது.

மருத்துவமனைக்கு வேண்டியதை ஒரு பையில் எடுத்து வைத்தேன். இரண்டு வேட்டி, துண்டு, பல் துலக்கும் பிரஷ். பையை அலமாரிக்குள் பழைய கம்பளிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

அக்டோபர் 8, புதன்

64.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கோகிலாவிடம் சொல்லிவிட்டேன். "நான் சொன்னதெல்லாம் பொய். அறுபத்து நாலுதான் வருது. வெள்ளிக்கெழமை மயக்கம் குடுப்பாங்க."

அவள் தட்டை எடுத்து வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியுமுங்க. கம்பளிக்குப் பின்னாடி பை இருக்குது. அதுல பேஸ்ட்டு வெக்க மறந்துட்டீங்க, நான் வெச்சுட்டேன்."

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "அந்த அஞ்சு மணி நேரம் நான் ஒக்காந்திருந்த பெஞ்சுல இன்னொருக்கா என்னால ஒக்கார முடியாதுங்க. நின்னுக்கிறேன்" என்றாள்.

எனக்கும் பயமாக இருக்கிறது. மூன்று வாரமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

நிதானமாக எழுத வேண்டும்.

பத்து மணிக்கு ஜெசிந்தா வந்தார். கல்யாண வீட்டு மைசூர்பாகு கொண்டுவந்திருந்தார். நான் நோட்டை நீட்டி, "பாத்துட்டுத் திட்டிருங்க" என்றேன். படித்தார். முகம் மாறிவிட்டது. "எழுபதுலேருந்து நாப்பத்தெட்டா? இப்படி ஆகாதே சார்" என்றார்.

காலைக் கட்டி ஓடவிட்டோம். வலியைப் பொறுத்துக்கொண்டு 68 வரை போனேன். அங்கேயே நிறுத்தச் சொல்லி, பையிலிருந்து கோணமானியை எடுத்து முட்டியில் வைத்தார். ஒரு தரம் பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"மெஷின்ல எவ்வளவு சார் காட்டுது?"

"அறுபத்தெட்டு."

"எனக்குத் தொண்ணூறு காட்டுது."

கல்யாண வீட்டில் குழந்தைகள் எடுத்து விளையாடிக் கோணமானி கெட்டுப்போயிருக்கும் என்றேன். அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. சுற்றிலும் பார்த்தார். இந்த நோட்டை எடுத்தார். எத்தனையோ நாள் திட்டிக்கொண்டே எழுதிய இதே நோட்டு. இதன் அட்டையின் ஒரு விளிம்பைத் தொடையோடு ஒட்டி, மூலையை முட்டிக்குப் பின்னால் இருக்கும் மடிப்பில் வைத்தார். இன்னொரு விளிம்பு கெண்டைக்காலோடு அப்படியே பொருந்தியது. சந்தில் காகிதம்கூட நுழையாது.

நோட்டின் மூலை தொண்ணூறு டிகிரி. அதைக் குழந்தைகள் கெடுக்க முடியாது.

"கோகிலா" என்று கூப்பிட்டேன். ஜெசிந்தாவும் சத்தமாகக் கூப்பிட்டார். கோகிலா வந்து, நோட்டைப் பார்த்து, என் முட்டியைப் பார்த்து, ஜெசிந்தா சொன்னதைக் கேட்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு சிரித்தாள். பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்தப் பையை இழுத்துத் தலைகீழாகக் கொட்டினாள்.

சுலோச்சனா பன்னிரண்டு மணிக்கு வந்தாள். "எண்ணுனது சரி. ஆனா எங்கிருந்து எண்ணுச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"மாமா, இங்க யாரு சந்தனம் வெச்சது?"

மோட்டாருக்கு நான் வைத்த பொட்டு கம்பீரமாக இருந்தது. அதிலிருந்து வழிந்த சந்தனம் கீழே இருந்த கறுப்பு சென்சாரின் இடுக்கில் இறங்கிக் காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது, குங்குமத்தோடு. வெளிச்சம் போக வழியே இல்லை. அந்தச் சென்சாரைப் பொறுத்தவரை தகடு எப்போதும் உள்ளேயே இருக்கிறது. பூஜை அன்று இயந்திரம் நின்றது 22-ல். மறுநாள் சுவிட்ச் போட்டதும் சென்சார் மூடியிருப்பதைப் பார்த்து, இதுதான் பூஜ்யம் என்று நினைத்துக்கொண்டது. அன்றிலிருந்து தினமும் அதே இருபத்திரண்டைப் பூஜ்யம் என்று வைத்து, அங்கிருந்து ஒரு டிகிரி பிசகாமல் எண்ணியிருக்கிறது அந்தச் சிப். நாற்பத்தெட்டு என்றது எழுபது. என் முட்டி ஒரு நாள்கூடப் பின்னால் போகவில்லை.

நோட்டைப் புரட்டிக் கூட்டிப் பார்த்தேன். திங்கட்கிழமை 80 என்று வீட்டுக்குப் பொய் சொன்னேன். அன்றைக்கு நிஜமாகவே 80.

கோகிலா எதையும் விடமாட்டாள். "பிளாஸ்டிக்குக்கு எதுக்குப் பூஜைன்னு கேட்டது யாருங்க?" என்றாள். ஜெசிந்தா மைசூர்பாகை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததில் புரையேறிவிட்டது.

சுலோச்சனா மட்டும் சிரிக்கவில்லை. சென்சாரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "தப்பு என்னுதுங் மாமா. சுவிட்ச்சுப் போட்டப்பவே சென்சாரு மூடியிருந்தா, கொஞ்சம் முன்னாடி நகத்தி அது தெறக்குதான்னு பாத்திருக்கோணும். எனக்கு அது தோணவே இல்ல. அஞ்சு மெஷினையும் நிறுத்தி வெக்கறேன். ஆஸ்பத்திரில இதே மாதிரி சொன்னதுக்கு மேல மடக்கி ஒருத்தரு முட்டிய ஒடைச்சிருந்தா என்ன பண்ணியிருப்பேன்?" கண் நிறைந்துவிட்டது.

"விடு அம்மிணி, உன்மேல ஒரு தப்பும் இல்ல" என்று கோகிலா சொன்னாள். நான் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

92.

டாக்டர் இரண்டு தரம் மடக்கிப் பார்த்துவிட்டு, "மயக்கமெல்லாம் வேண்டாம். வீட்டுக்குப் போய் வேலையைப் பாருங்க" என்றார். அவ்வளவுதான். ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்தால் கோகிலா அதே பெஞ்சின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், முட்டியை மடக்கி. எழுந்திருக்க மனமில்லாமல் பத்து நிமிஷம் அங்கேயே இருந்தோம். எத்தனையோ நாளாக மார்பில் இருந்த கனம் இறங்கிவிட்டது. வரும் வழியில் இரண்டு பேரும் ரோஸ் மில்க் குடித்தோம்.

வீட்டுக்கு வந்தும் ஒரு விஷயம் மட்டும் இறங்கவில்லை.

மார்ச்சில் அவள் கேட்ட மறுநாளே அந்த லிஸ்ட்டை எழுதிவிட்டேன். பதினேழு செக். ஒரு தாள், இரண்டு பக்கம். பழைய மாடல் கையேட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். முதல் எண்ணில் என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பார்க்காமலே தெரியும். எடுத்தும் பார்த்தேன்.

அக்டோபர் 11, சனி

ஆட்டோ பிடித்துப் பட்டறைக்குப் போனேன். விழுந்த பிறகு இன்றுதான் முதல் தடவை. வாசலில் இரண்டு படி. கைப்பிடியைப் பிடித்து ஏறிவிட்டேன். வேலைக்காரர்கள் கை தட்டினார்கள், கையைக் காட்டி அடக்கினேன்.

சுலோச்சனா ஐந்து இயந்திரங்களின் மூடியையும் கழற்றிப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். தாளை நீட்டினேன். வாங்கிப் படித்தாள்.

"ஒண்ணு. சுவிட்ச் போட்டதும் சென்சார் ஏற்கெனவே மூடியிருந்தால் சற்று முன்னே நகர்ந்து, திறக்கிறதா என்று பார்க்கவும். திறக்காவிட்டால் ஓட்டக் கூடாது." சத்தமாகத்தான் படித்தாள். அப்புறம் சத்தம் இல்லாமல் மீதியைப் படித்தாள். பிறகு தாளின் தலைப்பைப் பார்த்தாள்.

"மாமா, இதுல மார்ச்சு மாசத் தேதி இருக்குது."

"ஆமா அம்மிணி. நீ கேட்ட மறுநாளே எழுதிட்டேன். குடுக்கல." வழியெல்லாம் வேறு மாதிரி சொல்ல யோசித்துக்கொண்டு வந்தேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "உன்ர சிப்பு வந்தா நான் எதுக்குன்னு இருந்துச்சு. எல்லாம் அதுவே பாத்துக்குமல்லோ, பாத்துக்கட்டும்னு விட்டுட்டேன். அன்னிக்கு நீ தப்பு என்னுதுன்னு அழுதப்பவும் வாயத் தெறக்கல. தப்பு என்னுது."

அவள் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் டிரில் ஓடும் சத்தம். என்னை நிற்க வைத்துத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம்.

"நெம்ப நேரம் நிக்காதீங்க மாமா. ஒக்காருங்க" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். "என்மேல கோவம் இருந்தா கத்தியிருக்கலாமுங்க. நீங்க கத்துனா எனக்குப் பழக்கம்தான்."

"உன்மேல என்ன கோவம். சத்தம் கம்மின்னு சொன்னேன்ல, அது பொய். உன் சிப்பு நல்லா மடக்குது அம்மிணி. என் புரோகிராமு விக்குச்சு. நாலு நாள் பல்லைக் கடிச்சுட்டுக் கெடந்தேன்."

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

பிறகு வேலையில் இறங்கினோம். அவள் புரோகிராமில் சேர்க்கச் சேர்க்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். நான்கு மணிக்கு முதல் செக் தயார். ஒரு துண்டுக் காகிதத்தைச் சென்சார் இடுக்கில் செருகிவிட்டு சுவிட்ச் போட்டாள். இயந்திரம் சற்றே முன்னால் நகர்ந்தது. நின்றது. திரையில் எண் வரவில்லை, 'சென்சாரைப் பார்க்கவும்' என்று வந்தது. மறுபடி போட்டோம், மறுபடி அதையே சொன்னது. அப்பாடா என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

கிளம்பும்போது அந்தத் தாளின் அடியில் அவள் ஏதோ எழுதி என்னிடம் காட்டினாள்.

"பதினெட்டு: பூஜை அன்று பொட்டு மூடியின் மேல் மட்டும் வைக்கவும். பக்கவாட்டு மூடியை யாரும் திறக்கக் கூடாது, மாமா உட்பட."

கையேட்டில் இதுவும் அச்சாகுமாம், கடைசி இரண்டு வார்த்தை மட்டும் இல்லாமல். பேனாவை வாங்கிக் கீழே கையெழுத்துப் போட்டு, இன்றைய தேதியை எழுதி, அப்போதே அவள் கையில் கொடுத்தேன்.